மடத்து பூட்ஸும் என் மேல் வந்த பழியும்

கேட்டில்

அன்று காலை ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி அம்மா என் டிபன் பையை வாங்கி மேசை மேல் கவிழ்த்தார். புளிசாத டப்பா, தண்ணீர் பாட்டில், தைலம், கண்ணாடிக் கூடு எல்லாம் உருண்டன. எனக்கு முன்னால் போனவர்களின் பையை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாம்மா, எனக்கு மட்டும்?"

"மேலருந்து சொன்னாங்கக்கா. என்னை ஒண்ணும் கேக்காதீங்க."

பையைத் திருப்பிக் கொடுக்கும்போதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதோ நடந்திருக்கிறது, அது எனக்கு மட்டும்தான் தெரியாது என்று அப்போதே புரிந்துவிட்டது.

நான் பள்ளிகொண்டாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் வந்து போகிறவள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் க்ளோஸிங் செக்‌ஷனில் சேர்ந்து, பிறகு சாம்பிள் ரூமில் பேட்டர்ன் வெட்டுகிறவளானேன். புதிய மாடல் எதுவானாலும் முதலில் அட்டையில் அளவு வெட்டுவது நான். அதை வைத்துத் தைப்பது நஸீமா. பக்கத்துப் பக்கத்து மேசை. மதியச் சாப்பாடு இரண்டு பேருக்கும் ஒரே மூடியில்தான்.

வந்த ஆர்டர்

அப்போது எங்களுக்கு ஒரு விசித்திரமான ஆர்டர் வந்திருந்தது. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் பழைய கிறிஸ்தவத் துறவி மடங்கள் நிறைய இருக்கின்றனவாம். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ராஜா எல்லாவற்றையும் மூடிச் சொத்தை எடுத்துக்கொண்டான். கூரை போய், சுவரும் தூணும் மட்டும் புல்வெளி நடுவே நிற்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் அமைப்பு ஒன்று, பார்க்க வருகிறவர்களுக்குக் கதை சொல்லத் துறவி வேடத்தில் ஆட்களை வைத்திருக்கிறது. அவர்களுக்கு அந்தக் காலத்து பூட்ஸ் வேண்டும். அந்த அமைப்புக்காக வாங்குகிற பையர் மார்கரெட் என்ற அம்மா.

மூன்று வகை. துறவிகள் பகலில் போடுவது ஒன்று. ராத்திரி பிரார்த்தனைக்குப் படியிறங்கிப் போகும்போது போடும் மெத்தென்ற பூட்ஸ் ஒன்று. வயலிலும் ஆட்டுக் கொட்டகையிலும் உழைத்த ஊழியத் துறவிகளுக்குத் தடித்த தோலில் ஒன்று. அவர்களுக்குச் சாப்பாட்டு அறையே தனியாம். எங்கள் ஃபேக்டரியில் ஸ்டாஃப் கேன்டீனும் ஒர்க்கர் கேன்டீனும் இருப்பது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த பூட்ஸில் ஆணி கிடையாது, பசை கிடையாது. தலையணை உறை மாதிரி உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, நனைத்து, பிறகு புரட்ட வேண்டும். முதல் மூன்று ஜோடியும் புரட்டும்போது கணுக்கால் பக்கம் கிழிந்தன. நான் அங்கே இலை வடிவில் ஒரு சின்னத் துண்டு சேர்த்து வெட்டினேன். நஸீமா தைத்தாள். கிழியவில்லை. பையர் அனுப்பிய படத்தில் அந்தத் துண்டு கிடையாது. அது முழுக்க என் யோசனை.

சந்தேகம்

கேட்டில் பையைக் கவிழ்த்த அன்று மேனேஜர் சம்பத் சார் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். பையர்களுடன் பேசும் மெர்ச்சன்டைசர் கிரணும் அங்கே நின்றார். சார் தன் போனை என் பக்கம் திருப்பினார். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஃபேக்டரிக்காரர் வைத்திருந்த ஸ்டேட்டஸ். அதில் எங்கள் இரவு பூட்ஸ். கணுக்காலில் என் இலைத் துண்டு.

"இது எப்பிடிம்மா அங்க போச்சி?"

"எனக்கு எப்பிடி சார் தெரியும்?"

"உங்க நாத்தனார் வீட்டுக்காரர் அங்கதான கட்டிங் சூப்பர்வைசர்?"

"ஆமா சார். அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க."

என்னைத் திருடி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மறுநாள் சாம்பிள் ரூம் பூட்டுக்குப் புதுச் சாவி போட்டார்கள். என்னை உள்ளங்கால் அட்டை செக் பண்ணும் மேசைக்கு மாற்றினார்கள். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் கிரண். நான் பாத்ரூம் போனாலும் ஒரு தலை திரும்பியது. போனை எடுத்தால் பேச்சு நின்றது.

எனக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. என் நாத்தனார் வீட்டு விஷயம் இந்த ஃபேக்டரியில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். மதியம் நஸீமாவைக் கேட்டேன்.

"நீதான் சொன்னியா?"

அவள் டப்பாவை மூடினாள். "சார் கேட்டாரு, சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியாக்கா?"

"எதுக்குக் கேட்டாருன்னு தெரியுமா?"

"எனக்கின்னா தெரியும்?"

மறுநாள் அவள் வேறு மேசையில் சாப்பிட்டாள். ஒருவேளை அவளே படம் எடுத்து அனுப்பிவிட்டு என் பேரைச் சொல்லியிருப்பாளோ என்றுகூட எனக்குத் தோன்றியது. ஆத்திரத்தில் நாத்தனார் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அவரையும் கேட்டேன். "என்னைப் போய் இப்பிடிக் கேக்கறியே" என்று வைத்துவிட்டார். வீட்டில் ஒரே பேஜார்.

மார்கரெட் வந்த நாள்

சாம்பிளைப் பார்க்க மார்கரெட் அம்மா நேரில் வந்தார். என்னை அந்தப் பக்கம் வரவேண்டாம் என்றிருந்தார்கள். ஆனால் தடித்த தோல் பூட்ஸைப் புரட்டும்போது பையர் கண் முன்னாலேயே தையல் விட்டுப்போனது. கிரண் ஓடி வந்தார். "அக்கா, சீக்கிரம் வாங்க."

போனேன். ஓரத்தைச் சீவி மெலிதாக்கி, இன்னும் கொஞ்ச நேரம் ஊறவைக்கச் சொன்னேன். ஊறும்வரை மார்கரெட் அம்மா இரவு பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். கிரண் தமிழில் சொன்னார்.

மடத்தில் ஒரு துறவிக்குச் சுற்றிப் பார்ப்பதே வேலையாம். யார் தூங்குகிறார், யார் வீண்பேச்சு பேசுகிறார் என்று ஓசையில்லாமல் நடந்து கவனிப்பார். அந்த வேடம் போடுகிறவருக்கு மட்டும் சோல் இன்னும் மெத்தென்று வேண்டும்.

நான் நஸீமாவைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள்.

"பார்த்துட்டு இன்னா பண்ணுவாராம்? மேனேஜர் காதுல போடுவாரா?" என்று கேட்டேன்.

கிரண் தயங்கித்தான் கேட்டுச் சொன்னார். அப்படியில்லையாம். தினமும் காலையில் எல்லாத் துறவிகளும் ஒரு மண்டபத்தில் உட்காருவார்கள். குறையை அங்கே, எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். பேர் சொல்லப்பட்டவர் அங்கேயே எழுந்து நிற்பார்.

எழுந்து நின்றேன்.

"சார், நானும் நிக்கறேன். என் மேல இன்னா புகார்? எல்லாரும் இருக்கோம். இப்பச் சொல்லுங்க."

சம்பத் சார் முகம் கறுத்தது. "விஜயா, பையர் முன்னால இன்னா இது? உக்காரு."

மார்கரெட் அம்மா கிரணைப் பார்த்தார், நான் என்ன சொல்கிறேன் என்று. கிரண் வாய் திறக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே சொன்னேன்.

"மேடம், சேம் ஷூ, அதர் கம்பெனி. தே சே, ஐ கிவ்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தன் நெஞ்சில் கை வைத்தார். "நோ, நோ. ஐ கேவ்." நாங்கள் முன்பே அவருக்கு அனுப்பியிருந்த சாம்பிள் ஜோடியை ராணிப்பேட்டைக்கு அனுப்பியவர் அவரேதான். விலை கேட்க எப்போதும் அப்படிச் செய்வாராம். இதைக் கிரணிடம் போனில் சொன்னதாகவும் சொன்னார்.

எல்லாரும் கிரணைப் பார்த்தோம்.

"லைன் கிளியரா இல்ல சார்" என்றார் கிரண்.

நான் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை. ஆர்டர் கைமாறினால் தன் தலை உருளும் என்று மறைத்தாரா, நிஜமாகவே காதில் விழவில்லையா, எனக்குத் தெரியாது. அவரையும் எல்லார் எதிரிலும் நிற்கவைத்துக் கேட்டிருக்கலாம். சம்பத் சார் கேட்கவில்லை.

பிறகு

ஊறிய பூட்ஸை நஸீமாதான் புரட்டினாள். கிழியவில்லை. ஆர்டரில் பாதி எங்களுக்கு, பாதி ராணிப்பேட்டைக்கு என்று முடிவானது. நான் என் பழைய மேசைக்குத் திரும்பினேன். "விடும்மா, முடிஞ்சி போச்சி" என்றார் சார். கேட்டில் என் பையைத் திறந்து பார்ப்பது அதற்குப் பிறகும் வெகுநாள் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்ல யாருக்கும் ஞாபகமில்லை போலிருக்கிறது.

நஸீமா ஒரு நாள் தன் டப்பாவை என் மேசைக்கு எடுத்து வந்தாள். "உன்னை நானும் சந்தேகப்பட்டேன்" என்றேன். "தெரியும்க்கா" என்றாள். சாப்பிட்டோம். வீட்டு விஷயம் மட்டும் பேசிக்கொள்ளவில்லை. இன்றும் பேசுவதில்லை.

சாம்பிள் ரூமுக்குப் புதிதாக வரும் பெண்களிடம் நான் ஒன்று சொல்வேன். உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, கூட வேலை செய்கிறவளைப் பற்றி யாராவது சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்லும் முன் "எதுக்கு சார் கேக்கறீங்க?" என்று கேளுங்கள். உண்மையைத்தானே சொல்கிறோம், அதில் என்ன தப்பு என்று தோன்றும். நஸீமா சொன்னதும் உண்மைதான்.