கடைசி ஒரு சாண்

எனக்குத் தையல் தெரியும். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. முப்பது வருடம் அரசுப் பள்ளிகளில் தையல் டீச்சராக இருந்துவிட்டு, தென்காசியில் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறேன். கையால் தைத்த துணி ஒன்றைக் கொடுங்கள்; தைத்தவர் இடக்கைக்காரரா, எந்த இடத்தில் எழுந்து போய்ப் பாலைப் பார்த்துவிட்டு வந்தார், எந்த இடத்தில் நூல் தீர்ந்து கடைக்கு ஆள் அனுப்பினார் என்று சொல்லிவிடுவேன். பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு பழந்துணிப் போர்வைகளைச் சேர்க்க ஆரம்பித்தேன். நாலைந்து பழைய நூல் சேலைகளை அடுக்கி, கிழிந்த இடத்தில் வேறு துணியை ஒட்டுப்போட்டு, நெடுக ஓட்டுத்தையல் போட்ட போர்வை. கடையில் விற்கும் மெஷின் தையல் போர்வையை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது வாயைத் திறக்காது. இவை அப்படி இல்லை. ஒன்றில் சட்டைக் கையை வெட்டாமல் அப்படியே மடக்கி ஒட்டாக வைத்திருக்கும். இன்னொன்றில் வெள்ளை நூல் பாதியில் நின்று சிவப்பு நூல் தொடரும். ஒரு மூலை மட்டும் இரண்டு விரல் நீண்டு தொங்கும். அந்தக் குறைகளுக்காகத்தான் நான் அவற்றைக் கேட்டு வாங்குகிறேன். "கலெக்டர் ஆபீஸ் தென்காசிக்கு வந்தாலும் வந்துது, எங்க வீட்லயும் ஒரு கலெக்டர். கந்தல் கலெக்டர்" என்று வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லுவார். சொல்லட்டும். ராத்திரி குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொள்வது அதே கந்தலைத்தான்.

என்னிடம் பதின்மூன்று போர்வைகள் சேர்ந்தன. பதினான்காவதை இரவல் வாங்கினேன். அது கீழப்பாவூரில் இருக்கும் மதினியுடையது, என் அண்ணன் மனைவி. அண்ணன் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது மதினி தைத்த போர்வை அது. அவர்கள் வீட்டில் பிறந்த மூன்று பிள்ளைகளையும் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்ததும் முதலில் அதில்தான் கிடத்தினார்கள். மதினி அதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்: "ஏட்டி, மவளுக்கு இது மாசம். பேரப்பிள்ளையை இதுலதான் போடணும். கூப்பிட்ட அன்னைக்கு வந்து சேரணும், ஆமா." பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று நான் தலையை ஆட்டிவிட்டு வாங்கி வந்தேன்.

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒரு பழைய மாணவி, சீசனுக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று என் போர்வைகளை முன் ஹாலில் தொங்கவிடக் கேட்டிருந்தாள். நான் விடுவேனா? பதினான்கையும் தொங்கவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நானே போய் நின்று விளக்கம் சொன்னேன். மதினியின் போர்வையை மட்டும் கடைசியாகக் காட்டுவேன். முக்கால் போர்வை அற்புதமாக இருக்கும். மாம்பழ நிறச் சேலையில் அரிசி அரிசியாகத் தையல். கடைசி ஒரு சாண் மட்டும் அலங்கோலம். அங்கே நூலே வேறு, தடித்த காக்கி நூல். ஒரு தையல் நகக்கண் அளவு, அடுத்தது விரல் அளவு, வரிசை ஏறி இறங்கி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். "பாத்துக்கோங்க, குறைன்னா எல்லாமே அழகுன்னு நெனைச்சிரப்படாது. இது அலுப்பு. முடிச்சாப் போதும்னு இழுத்து விட்டிருக்காங்க. அழகான கோணல் வேற, அசட்டை வேற" என்று அந்த ஒரு சாணைத் தொட்டுக் காட்டிச் சொல்லுவேன். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கும் நன்றாக இருக்கும்.

ஆனி மாதம், நல்ல சாரல். அந்த ஞாயிற்றுக்கிழமை அருவியில் தண்ணீர் அதிகமாகி, குளிக்கக் கூடாது என்று கூட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போன ஆட்கள் அப்படியே லாட்ஜுக்குத் திரும்பினார்கள். நான் இரண்டு பெண்களுக்கு விளக்கம் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன், துண்டு கட்டிய ஒரு ஆசாமி மதினியின் போர்வையை உருவி, தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, அது காட்சிக்கு வச்சிருக்கது" என்றேன்.

"அப்பிடியா? குளிருக்குப் போட்டிருக்காகன்னுல்லா நெனைச்சேன்" என்றார். அவரை என்ன சொல்ல? போர்வை அதற்காகத்தானே இருக்கிறது. ஆனால் மாம்பழ நிறச் சேலை முழுவதும் எண்ணெய். மற்றப் போர்வைகளை அங்கேயே விட்டுவிட்டு அதை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் வெயில் அடித்தது. சாரல் மாதத்தில் ஒரு மணி நேரம் வெயில் அடித்தால் தென்காசிக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். சீயக்காயில் ஊறவைத்து அலசி, மொட்டை மாடியில் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் மலைப்பக்கம் கறுத்து, பூ மாதிரி சாரல் விழ ஆரம்பித்தது. எண்ணெய் போய்விட்டது, ஆனால் ஐந்து அடுக்குத் துணி தண்ணீரைக் குடித்துவிட்டு, தூக்க முடியாமல் கிடந்தது. வீட்டுக்குள் கொடி கட்டி, இரண்டு ஃபேனையும் போட்டேன். செவ்வாய்க்கிழமையும் சொட்டிக்கொண்டே இருந்தது.

அன்று மத்தியானம் மதினி போன் செய்தாள். "ஏட்டி, மவ பெத்துட்டா. பொம்பளப் பிள்ளை. நாள் முன்னக்கூட்டியே வந்துட்டா மகராசி. வெள்ளிக்கிழம வீட்டுக்குக் கூட்டிட்டு வாரோம். போர்வையைக் கொண்டாந்துரு." போர்வை நனைந்து கிடப்பதைச் சொல்லாமல் சந்தோஷப்பட்டேன். போனை வைத்துவிட்டுப் போர்வையை மோந்து பார்த்தேன். பூசண வாடை லேசாக வர ஆரம்பித்திருந்தது. மூன்று பிள்ளைகளைக் கிடத்திய துணி, நாலாவது பிள்ளைக்கு என்னால் இல்லாமல் போகப்போகிறது. மதினியின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

புதன்கிழமை ராத்திரி வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். "இங்கன சாரல்னா கிழக்க வெயில்லா அடிக்கும். பாவூர்சத்திரத்துக்குக் கொண்டு போ. ஒரே நாள்ல காஞ்சிரும்." அது எங்கள் பக்கத்துக் கணக்கு. மலை அடியில் நாங்கள் குடையோடு திரிவோம், அரை மணி நேர பஸ் தூரத்தில் ரோடு காய்ந்து புழுதி பறக்கும். வியாழன் காலையில் ஈரப் போர்வையை இரண்டு பிளாஸ்டிக் சாக்கில் போட்டுக் கட்டி, பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் இதற்கு லக்கேஜ் போடணும் என்றார். "போடுங்க, பொணமா கொண்டு போறேன், துணிதானே" என்றேன். அன்று எனக்குக் கோபம் எல்லார் மேலும் இருந்தது.

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய கடை மாடியில் போட்டேன். வெயில் சுள்ளென்று அடித்தது, சீசன் காற்றும் சேர்ந்துகொண்டது. மதினி வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம் மாதிரிதான். சொந்தக்காரர் யாராவது கண்டு போய்ச் சொல்லிவிடுவார்களோ என்று பத்தரை மணி வரை திருடி மாதிரி மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு டீ குடிக்கக் கீழே இறங்கினேன். திரும்பி வந்தால் கைப்பிடிச் சுவரில் போர்வையைக் காணோம்.

காற்று அதைத் தூக்கிக் கீழே வீசியிருந்தது. அதன் கடைசி முனை, வாசலில் இருந்த தகரக் கூரையின் ஆணியில் மாட்டி, மீதிப் போர்வை பாதி ஈரத்தின் கனத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. மூட்டை தூக்குகிறவர் ஒருவர் ஏறி எடுத்துக் கொடுத்தார். "டீச்சர், துணி கிழியல. நூல்தான் விட்டுட்டு" என்றார். பார்த்தேன். அரிசித் தையல் ஒன்றுகூட அறுபடவில்லை. காக்கி நூல் போட்ட அந்த ஒரு சாண் மட்டும் பாதிக்கு மேல் பிரிந்து, அடுக்குகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

உள்ளதைச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இது என்னால் ஆகிற வேலை. சாயங்காலம் போர்வை மொறுமொறு என்று காய்ந்ததும், அண்ணாச்சி கடையில் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டு உட்கார்ந்தேன். மிச்சமிருந்த காக்கி நூலையும் பிளேடால் ஒன்றுவிடாமல் அறுத்து எடுத்தேன். மாம்பழ நிறத்தில் நூல் வாங்கி, மதினியின் அரிசித் தையலைப் போலவே, இன்னும் கொஞ்சம் நேர்த்தியாக, கடைசி வரை வரிசை பிடித்தேன். எது மதினி தைத்தது, எது நான் தைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே விழுந்த காக்கி நூலை வெங்காயச் சருகோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் உட்கார்ந்து, கேவலமாக இருந்த இடத்தையும் சரி செய்து கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியில் ஊர் வந்து சேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் கீழப்பாவூர் போய்விட்டேன். பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். அது கழிந்த பிறகுதான் பிள்ளையை வீட்டுக்குள் கொண்டுவருவதாக ஏற்பாடு. மருமகனும் சம்பந்தி அம்மாவும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மதினி போர்வையை வாங்கி மோந்து பார்த்து, "நல்லா தொவைச்சிருக்கியே" என்றாள். எண்ணெய் கதையைச் சொன்னேன். சிரித்தாள். கட்டிலில் விரித்தாள்.

அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். போலீஸ் வேலை போனாலும் மீசையும் மிடுக்கும் போகாத ஆள், அதிகம் பேசமாட்டார். நேராகப் போர்வையின் கடைசி முனைக்குப் போய், கையால் தடவினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் தடவினார். பிறகு முனையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார்.

"ஏட்டி, இது நான் தைச்சது இல்லையே" என்றார்.

நான் அவர் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்து மதினியைப் பார்த்தேன். மதினி முனையைப் பார்த்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள்தான் சொன்னாள். எட்டாம் மாதம் அவளுக்கு ரத்தம் பட்டுவிட்டது. அசையக் கூடாது என்று படுக்கவைத்துவிட்டார்கள். போர்வை ஒரு சாண் பாக்கி. அண்ணன் பத்து நாள் லீவில் வந்தார். "ரெண்டு உசுர்ல ஒண்ணுதான் தேறும்னு டாக்டரம்மா இவருகிட்ட சொல்லிருக்காவ. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கதவைச் சாத்திக்கிட்டு, என் கால்மாட்டுல உக்காந்து இதைத் தைக்க ஆரம்பிச்சுட்டாரு. போலீஸ்காரன் ஊசியும் நூலுமா இருக்கான்னு தெருவுல சிரிப்பாவல்லா. உடுப்புக்குப் பட்டன் தைக்க நூல் வச்சிருப்பாருல்லா, அந்த நூல்தான். கை கிடுகிடுன்னு ஆடும். ஏன் இப்பிடி ஆடுதுன்னு கேட்டேன். பழக்கம் இல்லன்னுட்டாரு. பிள்ளையும் நானும் பொழைச்சு வந்து ஒரு வருசம் கழிச்சுத்தான் எனக்கே சொன்னாரு."

அந்தப் பிள்ளைதான் இப்போது பெற்றுவிட்டு வரப்போகிறவள்.

நான் அந்த ஒரு சாணைத் தொட்டுத் தொட்டு, ஊர் ஊராய் வந்த ஜனங்களிடம் அசட்டை என்று சொல்லியிருக்கிறேன். அது பயம். ஒரு மனிதன் பத்து நாள் வாயைத் திறக்காமல் பயந்தது, தையல் தையலாக அங்கே இருந்திருக்கிறது. முப்பது வருடம் தையல் சொல்லிக்கொடுத்த எனக்கு அது தெரியவில்லை. தெரியாதது போகட்டும், பிளேடால் அறுத்துக் கூட்டிப் போடவும் வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. காற்று தூக்கி வீசியதையும் நான் அறுத்துத் தைத்ததையும் சொல்லி அழுதேன்.

"விடுட்டி. நல்லாத்தான் தைச்சிருக்கே" என்றாள் மதினி. அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மணி பத்தே முக்கால். அண்ணன் உள்ளே போய்விட்டார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, ஒரு தகர டப்பாவைக் கட்டிலில் வைத்தார். உள்ளே பட்டன்கள், ஊசிகள், ஒரு காக்கி நூல்கண்டு. என்னைப் பார்த்து, "நீ போட்டதைப் பிரி" என்றார்.

பிரித்தேன். முந்தின நாள் அவ்வளவு பெருமையாகப் போட்ட தையலை வரிசை வரிசையாகப் பிரித்து எடுத்தேன். அவருக்கு ஊசி கோக்கக் கண் தெரியவில்லை, கோத்துக் கொடுத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குத்த ஆரம்பித்தார். இழுத்துப் பிடி என்றார். நான் ஒரு பக்கமும் மதினி ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். முதல் தையல் பெரிதாக விழுந்தது. அடுத்தது பொடியாக விழுந்தது. மூன்றாவது மேலே ஏறிவிட்டது. ஊசியை இப்படிச் சாய்த்துப் பிடியுங்கள் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பாதி வரிசையில் அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"கோணலாப் போகுதோ?"

"போகுது அண்ணே" என்றேன். "அப்படியே போங்க."