முழங்கையால் திருப்பும் பக்கங்கள்: விருத்தாசலத்தில் ஒரு மின்நூல் கருவி

இன்று காலை நிலவரம் இது: விருத்தாசலத்தில் மும்தாஜின் மின்நூல் கருவி மறுபடி திறக்கிறது, ஆனால் அதற்குள் ஒரு புத்தகமும் இல்லை. சொன்னவர் மும்தாஜே. பட்டறைக்கு நடந்துகொண்டே தொலைபேசியில் சொன்னார்.

போன வாரம் நான் அங்கே போனதற்குக் காரணம் என் வீட்டுப் புத்தக அலமாரி. இனி ஒரு புத்தகம்கூட வைக்க இடமில்லை. மின்நூல் கருவி வாங்கலாமா என்று இந்த வலைப்பதிவில் கேட்டிருந்தேன். வந்த பின்னூட்டங்களில் ஒன்று மட்டும் தனியாக நின்றது: "எங்க கை எப்பவும் மண்ணு. புக்குன்னா பக்கம் ஒட்டிக்கும். இதுல முழங்கையால திருப்பிக்கலாம்." எழுதியவர் பீங்கான் பட்டறையில் கோப்பை வார்க்கும் மும்தாஜ். வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன், வாங்க என்றார். நான் கிளம்புவதற்கு முதல் நாளே கருவி பூட்டிக்கொண்டுவிட்டது. வருகிற மனிதரைத் தடுப்பானேன் என்று அதைச் சொல்லவில்லையாம்.

எழும்பூரிலிருந்து காலை ரயில். ஏறக்குறைய இருநூற்றுப் பதினைந்து கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குள் ஆகும். இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய். ஜன்னலோரம் பிடித்து, நண்பரிடம் இரவல் வாங்கிய கருவியைத் திறந்தேன். நேர் வெயில் விழுந்தும் எழுத்து காகிதத்தில் இருப்பதுபோல் தெரிந்தது, என் கைபேசித் திரையோ வெறும் கண்ணாடியாகிவிட்டது. விழுப்புரம் தாண்டியதும் பழைய தமிழ் நூல் ஒன்றைத் திறந்தபோதுதான் குறை தெரிந்தது. பக்கங்களைப் படமெடுத்துச் சேர்த்த கோப்பு அது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடியது. இதுபோன்ற கோப்புகளை நம்பித்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் முதலில் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சந்திப்பிலிருந்து பட்டறைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டுநர் என் கையில் இருந்ததை எட்டிப் பார்த்து, சிலேட்டா சார் என்றார். புத்தகம் படிக்கிற கருவி, போன் எல்லாம் வராது என்று சொன்னேன். "ஊட்லேர்ந்து கூப்புட முடியாது. குடுத்து வச்சவரு சார் நீங்க" என்றார்.

பட்டறைக் கொட்டகையில் நான்கு பெண்கள். அச்சுகளில் களிமண் குழம்பை ஊற்றுகிறார்கள். ஓரம் இறுகியதும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கோப்பை நிற்கும். இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் வாசிப்பு. கண்ணாடி மாற்றியும் சின்ன அச்செழுத்து மும்தாஜுக்குப் பிடிபடவில்லை. கருவியில் பெரிய எழுத்தாக வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார், மற்ற மூவரும் கேட்பார்கள். ஒரு குடும்ப நாவலில் முக்கால்வாசி வந்திருந்தார்கள். மருமகள் தையல் மிஷினோடு வீட்டைவிட்டுக் கிளம்பி பஸ் நிலையத்தில் நிற்கிறாள். எந்தப் பஸ்ஸில் ஏறுவாள் என்ற இடத்தில்தான் கருவி நின்றுபோனது.

நின்ற கதையைச் சொன்னவர் செல்வி, நால்வரில் இளையவர். பக்கம் திரும்பவில்லை என்று மும்தாஜ் தன் கொழுந்தன் கபீரிடம் கொடுத்திருக்கிறார். கபீர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிவிட்டார். அப்போதும் திரை மசியவில்லை. பிறகு பார்த்தால், திரை மூலையில் ஒரு சொட்டுக் குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. யாரோ விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதாகக் கருவி நினைத்திருக்கிறது.

"கோப்பையில ஒரு சொட்டு ஒட்டுனா தொடைக்கிறோம். இதுல ஒட்டுனதுக்கு கபீர் அண்ணன் வூட்டையே இடிச்சிட்டாரு" என்றார் செல்வி.

துடைத்ததும் திரை சரியானது. ஆனால் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. கணக்கு மும்தாஜின் கணவர் அன்வருடையது. குவைத்தில் இருக்கிறார், போன விடுமுறையில் கருவியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். கடவுச்சொல் மறந்துவிட்டது. மாற்றலாம் என்றால், அதற்கான ரகசியக் குறியீடு அவருடைய பழைய கைபேசி எண்ணுக்குப் போகிறது. கம்பெனி மாறியபோது அந்த சிம்மை அவர் விட்டுவிட்டார்.

அன்வரின் கைபேசியில் அதே நாவல் இன்னும் திறக்கிறது என்றார்கள். அப்படியானால் மீதிக் கதையை அவரையே போனில் சொல்லச் சொல்லலாமே என்றேன். செல்விக்கு அது பிடிக்கவில்லை. "அவரு 'போயிட்டா, பொழச்சிக்கிட்டா'ன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிடுவாரு. அது நியூஸு சார்." நால்வரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீயைக் குடித்தேன்.

புதுக் கணக்கு தொடங்கி நாவலை மறுபடி வாங்கினால் என்ன? செல்வி கட்சியும் அதுதான், காசைப் பங்கு போட்டுக்கொள்ளவும் தயார். மும்தாஜ் மட்டும் பிடி கொடுக்கவில்லை. செல்வி அச்சுகளைக் கவிழ்க்கப் போன பிறகுதான் காரணம் சொன்னார். ஒரே கணக்கு என்பதால், அவர் நாவலைத் திறக்கும்போதெல்லாம், இன்னொரு கருவியில் இந்தப் பக்கம்வரை படித்தாகிவிட்டது, அங்கே போகவா என்று கேட்குமாம்.

"போன்ல சாப்டியா, பணம் வந்துச்சா, அவ்ளோதாங்க வரும். இதுல பாத்தா மனுசன் ராத்திரி பத்து பக்கம் தள்ளியிருக்காருன்னு தெரியும். நல்லா இருக்காருன்னு அர்த்தம். ஒரு தடவ பக்கம் நவுரவே இல்ல. கேட்டா ஒண்ணுமில்லன்னாரு. ரூம்ல இருக்கறவர விசாரிச்சா, காய்ச்சல்ல படுத்திருக்காரு. புதுசா வாங்குனா கதை வந்துரும். அவரு எங்க இருக்காருன்னு வராதே."

திரும்பும்போது சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் பஸ். நாற்பத்தைந்து கிலோமீட்டர் வரும். வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனபோதும் நான் கருவியைத் திறக்கவில்லை.

நான் வாங்கப்போகிறேன். கண் களைப்பதில்லை, பை கனப்பதில்லை, சார்ஜ் பல நாள் நிற்கிறது. ஆனால் அலமாரியில் இருக்கும் புத்தகம் என்னுடையது, கருவியில் இருப்பது கணக்கினுடையது. படித்து முடித்ததை மச்சினிக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. வாங்குகிறவர்கள் கணக்கை எந்த எண்ணில் தொடங்குகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள், கம்பெனி கொடுத்த எண் வேண்டாம். கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும். திரை மசியாவிட்டால் முதலில் ஈரத்துணியால் துடையுங்கள்.

இனி நிலுவையில் இருப்பது. நேற்று கபீர் மும்தாஜ் பெயரில் புதுக் கணக்கு தொடங்கியிருக்கிறார். கருவி திறந்தது அதனால்தான். வரும் வெள்ளிக்கிழமை அன்வருக்கு விடுமுறை. பழைய எண் வேறு யாருக்கும் போகவில்லை என்றால் திருப்பித் தருவதாகத் தொலைபேசிக் கடையில் சொல்லியிருக்கிறார்கள், அன்று மாலை போகிறார். கிடைக்காவிட்டால் சனிக்கிழமை நாவலைப் புதிதாக வாங்குவது என்று கொட்டகையில் முடிவாகியிருக்கிறது. அதுவரை பொறுப்பதாகச் செல்வியும் ஒத்துக்கொண்டாராம்.

இதற்கிடையில் அன்வர் நாவலில் முன்னால் போகவில்லை என்கிறார். "நீ வர்ற வரைக்கும் அந்தப் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கிறேன்னு சொல்லிட்டாருங்க" என்றார் மும்தாஜ். இதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை. வெள்ளிக்கிழமை மாலைவரை மும்தாஜுக்கும் இல்லை.