சோளகத்துக்கு முகம் கொடுத்த முதல் பாதி

பந்தை உருட்டுவது என் சத்தம்தான் என்று நம்பியிருந்தேன். கோட்டுக்கு வெளியே நின்று நான் கத்துவதை நிறுத்தினால் பந்தும் அப்படியே நின்றுவிடும் என்று. ஓலைத்தொடுவாய்ப் பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்க வந்த முதல் வருடம் முழுக்க இந்த நம்பிக்கையில்தான் தொண்டையைத் தேய்த்தேன்.

அன்றைய ஆட்டத்தில் வென்றால் மாவட்டச் சுற்று, தோற்றால் வீடு. எங்கள் அணி ஒருமுறையும் மாவட்டச் சுற்றைக் கண்டதில்லை. காசு சுண்டியதில் எங்கள் தலைவி வென்றாள். காற்று முதுகைத் தள்ளும் பக்கத்தைக் கேட்பாள் என்று பார்த்தால், முகத்தில் அறையும் பக்கத்தைக் கேட்டாள்!

“பிள்ளை, மற்றப் பக்கம்! மற்றப் பக்கம்!”

“சேர், கொஞ்சம் சும்மா இருங்கோ. சோளகக் காத்து வெயில் ஏறத்தான் பலக்கும். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவம்தானே, அப்ப முழுக்காத்தும் எங்களுக்கு.”

அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். நானோ பெரியமடுக்காரன். காற்று என்றால் நெல் தூற்றத்தான் எனக்குத் தெரியும்.

எட்டாவது நிமிடமே ஒரு கோல் வாங்கினோம். என் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. இடைவேளைக்கென்று வெட்டி வைத்திருந்த தோடம்பழத் துண்டுகளை ஒவ்வொன்றாக வாயில் போடத் தொடங்கினேன். பிள்ளைகள் வியர்த்து ஒழுக வந்து பார்த்தபோது தட்டில் தோல்தான் கிடந்தது.

“சேர், ஓடினது நாங்களோ, நீங்களோ?”

“பயத்தில பசிச்சுப் போச்சு, பிள்ளை.”

“அப்ப தோலையும் எறியாதேங்கோ. இன்னும் அரைவாசி ஆட்டம் கிடக்கு,” என்றாள் கோல் காக்கிறவள்.

பக்கம் மாறினார்கள். மைதானத்து ஓரப் பனைகள் சடசடக்கத் தொடங்கின. ஒரு கோல் அடித்துச் சமப்படுத்தினோம். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, சைவக்காரனான நான், பக்கத்துக் கோயில் அந்தோனியாருக்கு ஒரு பெட்டி மெழுகுதிரி நேர்ந்தேன். கண்ணைத் திறந்தபோது அணி முழுவதும் என் மேல் விழுந்துகொண்டிருந்தது. எதற்கென்று தெரியாமலே நானும் சேர்ந்து குதித்தேன், கூவினேன், ஒரு செருப்பையும் தொலைத்தேன்.

கோல் காக்கிறவள் தன் கோலடியிலிருந்து உதைத்த பந்தைச் சோளகம் தூக்கிக்கொண்டு போய் எதிரணியின் வலைக்குள் போட்டிருந்தது. இரண்டுக்கு ஒன்று. மாவட்டச் சுற்றுக்குப் போனோம்.