எண்பது சென்ட், எட்டுத் துண்டு

2007, பொங்கல் முடிந்த வாரம். கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சுக்காரி விஜயா திண்டுக்கல்லிலிருந்து போன் போட்டாள். "சனிக்கிழம நெலத்தப் பாக்க புரோக்கர் வாரார்டி. நீயும் வா, தனியா நின்னா அழுதுருவேன்" என்றாள். அப்புறம் கிளம்பாமல் இருக்க முடியுமா?

மதுரை ஆரப்பாளையத்தில் காலை ஆறே காலுக்கு பஸ், டிக்கெட் இருபது ரூபாய். ஏழே முக்காலுக்குத் திண்டுக்கல். பேகம்பூர் தாண்டி நாலு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். பேரம் பேசினால் ஐம்பதுக்கு வருவார்களாம், எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. "அந்த உப்புக் காட்டுக்கா, அக்கா? அங்க என்ன இருக்குன்னு போறீக?" என்றார் ஆட்டோக்காரர்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விஜயாவின் எண்பது சென்ட் நிலத்துக்கு மேல்புறம் ஒரு தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலை, இருந்தது. இப்போது மூடிவிட்டார்கள். அதன் கழிவுநீர் வருஷக்கணக்காகத் தேங்கி, நிலத்தில் புல்கூட முளைக்காது. மண்ணைத் திருத்த ஒரு தடவை முயன்று தோற்றாயிற்று; இரண்டாம் தடவையும் எதுவும் முளைக்காவிட்டால் பிளாட் போடுகிறவர்களிடம் கொடுத்துவிடுவது என்று அவள் வீட்டுக்காரர் முருகேசன் புரோக்கரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

முதல் தடவை செய்த கூத்தை விஜயாவே சிரித்துக்கொண்டு சொன்னாள். நிலத்தை எட்டுத் துண்டாகப் பிரித்து வரப்புக் கட்டியதெல்லாம் சரிதான். ஆனால் நல்ல காரியம் என்று ஈசானி மூலையில் கும்பிட்டு ஆரம்பித்திருக்கிறார்கள். அதுதான் காட்டிலேயே பள்ளம். மண்ணை வெட்டி மாற்றி, உப்பை முறிக்க ஜிப்சம் போட்டு முடித்த மாதமே மழை கொட்ட, மேலே இருந்த உப்பு மொத்தமும் வரப்பை உடைத்துக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் தடவை ஷாப் சுவரை ஒட்டிய மேட்டுத் துண்டில் ஆரம்பித்தார்கள். சாமி கோவிச்சுக்குமோ என்று முருகேசனுக்கு ஒரு வாரம் தூக்கமில்லையாம், பாவம்.

அந்தப் பத்து சென்ட்டில்தான் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள். சம்பங்கி! நெஞ்சு உயரத்துக்குத் தண்டு, நுனியில் வெள்ளை வெள்ளையாய் மொட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாயில் வைக்கிற எதையும் இன்னும் பயிரிடவில்லை, பூ மட்டும்தான் என்றாள்.

பதினோரு மணிக்குப் புரோக்கர் வந்தார். பூவைப் பார்த்ததும், மண் தேறிவிட்டது, இனி நல்ல விலைக்கே போகும் என்றார். விஜயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பூத்ததே விற்பதற்குச் சாக்காகிவிடும் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை.

முருகேசன் மற்ற துண்டுகளைக் கையால் காட்டினார். பிறகு சொன்னார்: "ஒரு துண்டுதாண்ணே தேறியிருக்கு. மத்த ஏழும் அப்படியேதான் கெடக்கு. வாங்குறவன் வீட்டக் கட்டி, போரப் போட்டு, அந்தத் தண்ணியப் புள்ளைக்குக் குடுப்பான். நான் எப்படிண்ணே விப்பேன்?"

புரோக்கர் டீ குடித்துவிட்டுப் போனார். முருகேசன் மண்வெட்டியோடு இரண்டாம் துண்டில் இறங்கினார்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். தொப்பியும் அவசியம், நிழலே கிடையாது. மதுரைக்குத் திரும்ப பஸ் எந்நேரமும் உண்டு.

கிளம்பும்போது, இன்னும் ஏழு இருக்கிறதே, மலைப்பாக இல்லையா என்று விஜயாவிடம் கேட்டேன்.

"ஏழா? எனக்கு ரெண்டாவது மட்டுந்தாண்டி இருக்கு" என்றாள்.