டயரில் தட்டிய ஃபில்டர்

என் பட்டறைக்கு ஓடாத வண்டிகளைக் கட்டியிழுத்து வருவது வழக்கம். அன்றைக்கு வண்டியோடு ஒரு மனிதரையும் இழுத்து வந்தார்கள்.

முன்னால் டிராக்டர், பின்னால் கயிற்றில், பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஒரு ஹைபிரிட் கார். காரில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் அதன் சொந்தக்காரன். சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பியவன், பூதலூர் பக்கம் நிலம். டிராக்டரை ஓட்டியவன் அவனுடைய மச்சான். பின் சீட்டிலிருந்து அவர்கள் இழுத்து இறக்கியவர் அந்த நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர். ஐம்பது வயதிருக்கும். உதடு கிழிந்திருந்தது. சட்டையில் பொத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

"வயரை அறுத்துட்டான்ணே" என்றான் சொந்தக்காரன். "எந்த இடத்துல அறுத்தான்னு காட்டுங்க. இப்படியே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோறேன். குத்தகையும் இன்னையோட முடிஞ்சுது."

முதல் நாள் சாயங்காலம் குத்தகைக்காரர் ரோட்டில் நெல் காயப்போட்டிருக்கிறார். அறுவடை நாளில் இங்கே எல்லோரும் செய்வதுதான். இவன் சுற்றிப் போகாமல் அதன்மேல் காரை ஏற்றியிருக்கிறான். "இந்த வண்டி எப்படி ஓடுதுன்னு பாக்குறேன்" என்று அவர் கத்தியிருக்கிறார். காலையில் கார் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டது. இவ்வளவுதான் சாட்சி.

"நான் தொடலைங்க" என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் மச்சான் அறைந்தான். அவர் என் ஆயில் டின்கள்மேல் விழுந்தார். எழுந்தபோது காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"இன்னொரு அடி விழுந்தா வண்டியைத் தொட மாட்டேன்" என்றேன். "வெளியே போய் அடிச்சுக்கங்க."

"ஏன், இவன் உங்களுக்குச் சொந்தமா?" என்றான் மச்சான்.

"இது என் பட்டறை. உன் களத்துமேடு இல்ல."

கோளாறு பார்க்கிற ஸ்கேனரைக் காரில் செருகினேன். வயர் அறுந்திருந்தால் சென்சாரிடமிருந்து பதிலே வராது. இதில் பதில் வந்தது. ஆனால் பொய்யான பதில். இன்ஜின் எவ்வளவு காற்று இழுக்கிறது என்று அளக்கிற சென்சார், இழுத்ததில் பாதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்தது. இன்ஜின் திணறிச் செத்தது.

"நேத்து நல்லா ஓடுச்சே" என்றான் சொந்தக்காரன்.

"பேட்டரில ஓடியிருக்கும்யா. ஹைபிரிட்னு பேர் சொல்லி வாங்கத் தெரியுது. இன்ஜின் திணறினா பேட்டரி கொஞ்ச தூரம் இழுத்து மறைக்கும். பேட்டரி தீர்ந்ததும் ரெண்டும் படுத்துரும். இந்தக் கோளாறு நேத்து வந்ததில்ல. கம்ப்யூட்டர்ல பல தடவை பதிவாகியிருக்கு. இன்ஜின் லைட் எரிஞ்சிருக்குமே?"

மச்சான் குறுக்கே பேசினான். "ஃபில்டரெல்லாம் சுத்தமா இருக்கு. போன வாரம் நானே கழட்டி டயர்ல நாலு தட்டுத் தட்டிப் போட்டேன். டிராக்டருக்கு அப்படித்தானே செய்றோம்."

காற்று ஃபில்டரைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தேன். மடிப்பில் விரல் நுழைகிற அளவுக்குக் கிழிசல். சென்சாரைக் கழற்றினேன். தலைமுடியைவிட மெல்லிய அதன் கம்பியில் நெல்லின் சுணைத் தூசி பாசிபோலப் படிந்திருந்தது. கிழிந்த ஃபில்டரோடு அறுவடை ரோட்டில் ஓட்டினால் வேறென்ன படியும்? ரெண்டையும் மச்சான் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன்.

"அறுத்தவன் நீதான். நீ தட்டின தட்டுல கிழிஞ்சிருக்கு."

அவன் என் சட்டையைப் பிடித்தான். நான் ஃபில்டர் பெட்டி மூடியால் அவன் மூக்கில் அடித்தேன். ரத்தம் என் கையில் தெறித்தது. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்த நேரத்தில் குத்தகைக்காரர் தரையில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்துவிட்டார். அவர் பார்த்தது அவன் பின்மண்டையை.

பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்தேன். அவர் என் முழங்கையைக் கடித்தார். நான் விடவில்லை. அந்த இரும்பு இறங்கியிருந்தால் அவன் செத்திருப்பான், இவர் ஜெயிலில் கிடந்திருப்பார். கடைசியில் கை தளர்ந்து ஸ்பேனரைப் போட்டார்.

சொந்தக்காரன் இவ்வளவையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மணியைப் பார்த்தான். "சரிண்ணே, சென்சாரைத் துடைச்சு மாட்டுங்க. நேரமாச்சு."

"இவர்கிட்ட சொல்லு."

"எதை?"

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. சென்சாரை அவன் சட்டைப் பையில் போட்டேன். "வேற பட்டறை பாரு" என்றேன்.

மறுபடியும் கயிறு கட்டினார்கள். கிளம்பும்போது சொந்தக்காரன் கண்ணாடியை இறக்கிக் குத்தகைக்காரரிடம் சொன்னான்: "இந்தப் போகத்தோட நிலத்தை விட்டுரு."

"வயரை அறுத்ததுக்கா?" என்றார் அவர். அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

அவர் குழாயில் வாய் கொப்பளித்தார். ஒரு பல் ஆடியது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "நெல்லு ரோட்டுல கிடக்குங்க. மாடு வாய் வச்சிரும்" என்றார்.

பைக்கில் கொண்டுபோய் விட்டேன். நெல்லின் நடுவே ரெண்டு டயர்த் தடமும் அப்படியே இருந்தன. உடைந்த அரிசி வெள்ளையாகத் தெரிந்தது. அவர் ரத்தத்தை ஓரமாகத் துப்பிவிட்டு விளக்குமாற்றை எடுத்தார். தடத்தைத் தொடாமல், அதற்கு இரண்டு பக்கமும் இருந்ததை மட்டும் கூட்டினார்.

"அதை ஏன் விடுறீங்க?" என்றேன்.

"கிடக்கட்டும். ஸ்டேஷன்ல நானும் ஒண்ணு காட்டணும்ல."