கட்டளையின் கடைசி வரி

என் கணவர் பெட்டிசம் அடிக்கிறவர், அதாவது அரச அலுவலகங்களுக்கு மனு எழுதித் தட்டச்சு செய்து கொடுக்கிறவர். திருகோணமலையில், மூதூர் வள்ளம் வந்து நிற்கும் இறங்குதுறைக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோப் பிரதியும் எடுப்பார், போனுக்கு ரீலோடும் போடுவார். ஆனாலும் ஆட்கள் அவரைத் தேடி வருவது பெட்டிசத்துக்குத்தான். மூதூர்க்காரர் ஒருவர் காணி எல்லைச் சண்டையைக் கொட்டித் தீர்ப்பார், ஈச்சிலம்பற்றிலிருந்து வந்தவர் வாய்க்கால் தண்ணீருக்காகக் கத்துவார். இவர் குறுக்கே பேசாமல் கேட்டு, அவர்களுடைய கோபம் முழுவதையும் மரியாதையான தமிழில் அடிப்பார். முடிவில், அவர்கள் சொல்லாமலே, அவர்களுடைய கஷ்டத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துக்கு நீட்டுவார். அந்த வரி இல்லாத பெட்டிசத்தை ஒரு கந்தோரிலும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பது அவருடைய கட்சி.

நான் அவருக்கு நேர்மாறு. கொழும்பிலுள்ள ஒரு கம்பனிக்காக வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறேன். கடைகளின் சரக்கு இருப்பைக் கவனிக்கும் மென்பொருள் அது. எனக்குப் பொறுமை மட்டு, வாய் கொஞ்சம் நீளம். ஆனால் எனக்கென்று ஒன்றைக் கேட்கவேண்டி வந்தால் அந்த வாய் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் கால் கடுக்க நின்றிருக்கிறேனே தவிர, கொஞ்சம் தள்ளி இருங்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

போன மாரிகாலத்தில் வலது மணிக்கட்டில் நோ தொடங்கியது. முதலில் கதிரையைக் குறை சொன்னேன், பிறகு மேசையை, பிறகு வழக்கம்போல இவரை. ஆஸ்பத்திரியில் டொக்டர் நரம்பு நெரிபடுகிறது என்று பட்டி கட்டிவிட்டு, சில மாதங்களுக்குத் தட்டச்சு செய்யவே கூடாது, செய்தால் சத்திர சிகிச்சைதான் என்றார். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். அப்போதுதான் அந்த மென்பொருளின் ஒரு பெரிய பகுதி என் பொறுப்பில் வந்திருந்தது. எங்கள் குழுவில் முதுகு நோ என்று சொன்ன ஒருவருடைய வேலை, ‘நீங்கள் ஆறுதலாக இருங்கள்’ என்ற அன்பான வார்த்தையோடு இன்னொருவர் கைக்குப் போனதைக் கண்டிருந்தேன். இந்த வேலை எனக்குச் சோறு மட்டுமல்ல, என் மூளைக்கு நானே வைத்திருக்கும் மரியாதை. அதனால் கம்பனிக்கு மூச்சு விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

இப்போதெல்லாம் எங்கள் வேலையில் பாதிக்கு மேல் ஏஐ உதவியாளரோடுதான். இன்னது வேண்டும் என்று சொன்னால் அது எழுதும். ஆனால் சொல்வதற்கும் அடிக்கத்தானே வேண்டும்? குரலால் சொல்லிப் பார்த்தேன். எங்களுடைய பேச்சுத் தமிழ் அதற்குப் பிடிபடவில்லை, எனக்குத் தொண்டைதான் கட்டியது. கடைசியில் இவர் காலையில் கடை திறக்கமுன் என் கதிரையில் இருந்து அடித்துத் தரத் தொடங்கினார். நான் பின்னால் நின்று சொல்வேன். நேற்றைய மாற்றங்களை முதலில் வாசி. கணக்குப் பகுதியைத் தொடாதே. எதை மாற்றப்போகிறாய் என்று சொல்லிவிட்டு மாற்று. எல்லாச் சோதனைகளையும் ஓட்டு. உடைந்தால் மறைக்காதே. சொல்லி முடித்ததும் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போய்விடுவேன். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். நான் திரும்பி வரும்போது அடித்ததெல்லாம் மேலே போய், உதவியாளரின் கேள்விகள் மட்டும் திரையில் நிற்கும்.

தினமும் இதே பல்லவிதான். ஆனால் அந்த உதவியாளர் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, தங்கமான பிள்ளை. கேட்கவேண்டியதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, இலக்கம் போட்டுக் கேட்கும். நான் இடது கையால் ஒரு இலக்கத்தை அமத்தினால் போதும். அதைக் காட்டி இவரை நக்கலடிப்பேன். ஒரு மீன் வாங்குவதற்கு நீங்கள் மூன்று முறை போன் எடுக்கிறீர்கள், இந்த மெசினைப் பார்த்தாவது பழகுங்கள் என்பேன். அவர் சிரித்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவார்.

ஒருநாள், முதல் வள்ளத்தில் வந்த ஒரு வயதான மனுசி பூட்டிய கடைப் படியில் நெடுநேரம் குந்தியிருந்ததாக இவர் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுறுத்தலை ஒரு கோப்பில் எழுதி, அதற்கொரு பெயர் வைக்கும் வசதி அந்த உதவியாளரில் இருக்கிறது. பிறகு ஒரு சாய்கோடும் அந்தப் பெயரும் அடித்தால் போதும், முழுவதையும் சொன்னதற்குச் சமம். இவ்வளவு நாளும் அதைச் செய்யாமல் ஒரு மனுசனை மெசினாக வைத்திருந்தேன். பௌர்ணமிப் போயா விடுமுறையில் இருவரும் இருந்து அந்தக் கட்டளைகளைச் செய்தோம். காலை வேலைக்கு ‘பார்’, சோதனைகளுக்கு ‘சோதி’. இது நிலையாக இருக்கப்போகிற சாமான், நான் சொல்வதை மட்டும் அடியுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு அப்படியே அடித்தார்.

அடுத்த நாள் அவர் நேரத்துக்கே கடைக்குப் போனார். நான் இடது கையால் ‘பார்’ என்று அடித்தேன். வந்தது வேறு ஆள். ஒரு கேள்வி, அதற்கு விளக்கமாகப் பதில் எழுத வேண்டும். எழுதினால் இன்னொரு கேள்வி. பத்து மணிக்குள் என்னை அறியாமலே வலது கையையும் பாவித்து, நோ முழங்கை வரை ஏறிவிட்டது. கோப்பைத் திறந்து பார்த்தேன், நான் சொன்ன ஒரு சொல்லும் குறையவில்லை. ஆனாலும் யாரையாவது ஏச வேண்டுமே. கடைக்குப் போன் எடுத்து, எதையோ விட்டுவிட்டீர்கள் என்று பொரிந்தேன்.

பிரதி எடுக்கும் மெசினை அவர் நிறுத்துவது கேட்டது.

“நீர் சொன்னதில ஒண்டும் விடேல்லயப்பா,” என்றார். “முந்தி ஒவ்வொரு நாளும் கடைசியில நான் ஒரு வரி சேர்த்து அடிச்சனான்.”

என்ன வரி என்று கேட்டேன். பெட்டிசத் தமிழில் மனப்பாடமாக ஒப்புவித்தார்.

“மேற்படியாருக்கு வலது கையில் கடும் நோ உண்டு. ஆகையால் கேட்கவேண்டியவற்றை ஒரே தரத்தில் கேட்டு, ஓர் இலக்கத்தால் பதிலளிக்கக்கூடியவாறு தந்துதவும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் விளங்கியது. இத்தனை நாளும் நான் புகழ்ந்தது மெசினையல்ல. மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பாசலோடு வந்து, எல்லாக் கட்டளைகளின் அடியிலும் அந்த வரியைச் சேர்த்துவிட்டுப் போனார். உதவியாளர் திரும்பவும் தங்கமானது. அந்தச் சந்தோசத்தில், பின்னேரம் அன்றைய வேலையை வழமைபோல, குழுவின் நிரல்கள் எல்லாம் சேர்ந்திருக்கும் கம்பனியின் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பினேன். கட்டளைக் கோப்புகளும் அதே கோப்புறையில்தான் கிடந்தன என்பது நினைவில் வரவில்லை. அதற்குள் போவது எதுவும் குழுவில் எல்லாருக்கும் போகும்.

மறுநாள் காலையில் எங்கள் குழுத் தலைவி போன் எடுத்தா. மட்டக்களப்புப் பிள்ளை, என்னைவிட இளையவ. ‘பார்’ என்று ஒரு புதுக் கட்டளை கிடந்ததாம், ஓட்டிப் பார்த்தாவாம். உங்கள் கை நோவதால் எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கிறேன் என்று உதவியாளர் சொன்னதாம். தன் கைக்கு ஒன்றுமில்லையே என்று கோப்பைத் திறந்து வாசித்திருக்கிறா. யாருடைய கை என்று கேட்டா.

அந்த ‘ஆறுதலாக இருங்கள்’ இப்போது வரப்போகிறது என்று காத்திருந்தேன். என்னுடையதுதான் என்றேன்.

“அக்கா, மெசினிட்ட இவ்வளவு வடிவாச் சொல்லியிருக்கிறீங்கள். எங்களிட்ட ஒரு வார்த்தை சொல்லேல்லையே.”

“நான் சொல்லேல்லப் பிள்ளை. எனக்கு அப்பிடிக் கேட்க வராது. என்ர மனுசன்தான் எனக்காகக் கேட்டவர்.”

“அப்ப அவரிட்டச் சொல்லுங்கோ, அவர் கேட்டது கிடைச்சிட்டுதெண்டு,” என்றா. “வேலை உங்களிட்டயேதான். கை சுகப்பட்டாப் பிறகு முடிச்சாப் போதும். அதுவரைக்கும் அடிக்கிறதை நான் அடிக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ.”

போனை வைத்துவிட்டுக் கடைக்கு நடந்தேன். ஆட்கள் வரிசையில் நின்றார்கள், யாரோ வலைக்கு நட்டஈடு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் முன்னால் அவருடைய மேசைக்குப் போய், உங்கள் பெட்டிசத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று சொன்னேன். எந்தப் பெட்டிசம் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண் கலங்கியதை நான் கண்டது அன்றைக்குத்தான்.