சரோஜாவின் ஒரு பர்சென்ட்

கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் சரோஜாவுக்குத்தான் போன் போடுவார்கள். எந்தத் தெருவில் எந்த மாடி காலி, எந்த வீட்டுக்காரர் கருவாட்டு வாசனைக்கு முகம் சுளிப்பார், எங்கே வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பதினோரு வருஷம் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய், கார்மென்ட்ஸ் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்தவள். நின்றபடியே போய் நின்றபடியே திரும்பி முட்டி வீங்கியதும், வேலையை விட்டுவிட்டு வீட்டு புரோக்கர் ஆனாள். முட்டி வலிக்காரிக்குத் தெருத்தெருவாக நடக்கிற வேலையா என்று புருஷன் தம்மபாலன் கேட்டபோது, "ரயிலாட்டம் இது இடிக்காதுய்யா" என்றாள்.

வேலை பிடித்திருந்தது. கமிஷன்தான் கட்டுப்படியாகவில்லை. பெங்களூரில் ஒரு வீட்டை முடித்துக் கொடுத்தால் ஒரு மாத வாடகை, முப்பதாயிரம், புரோக்கர் பையில் விழும். இங்கே வாடகையே ஐந்தாயிரம், அதில் பாதிதான் அவளுக்கு. மாதம் மூன்று நான்கு வீடு முடித்தால் ஒன்பதாயிரம் வரும். அதில் நாலாயிரத்து ஐந்நூறு அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கே போய்விடும். தம்மபாலன் செக்யூரிட்டி வேலை பார்த்துக் கொண்டுவரும் சம்பளத்தில் சாப்பாடும், மகள் நிவேதாவின் நர்சிங் படிப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின.

இப்படி இருக்கையில்தான் பார்வதம்மா போன் செய்தார். பெங்களூர் அல்சூரில் குடியிருப்பவர், டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், பிள்ளைகுட்டி இல்லை. பென்ஷனில் பாதிக்குமேல் வாடகைக்கே போகிறதாம். கே.ஜி.எஃப். என்கிற தங்கவயலில் சொந்தமாக ஒரு வீடு வாங்கி வந்துவிட எண்ணம்.

"வாங்குறதுக்கா? வாடகைக்கு இல்லையா?" என்று சரோஜா இரண்டு தடவை கேட்டாள். விற்பனைக்கு அவள் இதுவரை ஒரு வீட்டையும் முடித்ததில்லை.

"வாங்கத்தான். ஆனா ஒண்ணு. ஊர் சல்லிசுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குக் கண்ணால பார்க்கணும். ஞாயித்துக்கிழமை வரேன். ஐந்நூறு ரூபாயில ஒருநாள் வாழ்ந்து காட்டு. அப்புறம் வீடு பார்க்கலாம்."

"வாங்கம்மா, நானூறே போதும்!" என்று வாய் சொல்லிவிட்டது. போனை வைத்ததும் சரோஜாவுக்குத் தலை சுற்றியது. ஆண்டர்சன்பேட்டையில் ரவிகுமாரின் வீடு விற்பனைக்கு இருந்தது, இருபத்தேழு லட்சம். வாங்குகிறவர் ஒரு பர்சென்ட், விற்கிறவர் ஒரு பர்சென்ட். கூட்டிப் பார்த்தாள். ஐம்பத்து நாலாயிரம். நம்பிக்கை வராமல் போனில் போட்டுப் பார்த்தாள். போனும் அதையே சொன்னது. அரை வருஷச் சம்பாத்தியம்! அன்றைக்கு ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பங்காருபேட்டை வரை வந்து இறங்கி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார் பார்வதம்மா. குட்டையான உருவம், பெரிய கைப்பை, அதைவிடப் பெரிய குரல். முதலில் டிபன். இரண்டு இட்லி, ஒரு வடை, காபி. பில்லைப் பார்த்து, "கணக்குல தப்பு இருக்கு, இவ்வளவு கம்மியா வராது, சரியாப் பாருப்பா" என்று ஹோட்டல்காரரிடமே வாதாடினார். தப்பு இல்லை என்றதும் பார்வதம்மா முகத்தில் ஏறிய வெளிச்சம் அதற்குப்பின் இறங்கவே இல்லை.

மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டின் விலை கேட்டு நான்கு கட்டு வாங்கினார். பூசணிக்காய் ஒன்று முழுசாக. தையல்காரி ஷோபாவின் கடையில், லைனிங் போட்ட ரவிக்கைக்கு இருநூறு என்றதும் நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டார். "எங்க தெருவுல எழுநூறு!" பக்கத்துக் கடையில் ஆறு ரவிக்கைத் துணி எடுத்து, அளவு கொடுத்து, அட்வான்ஸும் கட்டினார். பிறகு இரண்டு பிளாஸ்டிக் வாளி, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பை நிறையக் கடலை.

"அம்மா, ஐந்நூறு தாண்டிப்போச்சு" என்றாள் சரோஜா மெதுவாக, பூசணிக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு.

"எப்பவோ தாண்டிடுச்சு! மூவாயிரம் ஆச்சு!" என்று பார்வதம்மா நடுத்தெருவில் கைகொட்டிச் சிரித்தார். "அங்க இதுக்கு ஏழாயிரம் ஆயிருக்கும். நாலாயிரம் மிச்சம் பண்ணிட்டேன் பாரு!"

அந்தச் சிரிப்பு சரோஜாவையும் தொற்றிக்கொண்டது. ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் காரணமே இல்லாமல் சிரித்தபடி இருவரும் ஆண்டர்சன்பேட்டைக்கு ஆட்டோ ஏறினார்கள்.

ரவிகுமார் பெங்களூரில் வேலையில் இருப்பவர். வீட்டைக் காட்டவே வந்திருந்தார். பார்வதம்மா குழாயைத் திறந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், மாடியேறி நான்கு பக்கமும் பார்த்தார். இறங்கி வந்து, "பிடிச்சிருக்கு" என்றார். அரை மணியில் விலை இருபத்தேழு லட்சத்துக்கே படிந்தது. சரோஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் பார்வதம்மா திரும்பினார். "இன்னாமா சரோஜா, உன் கமிஷன்? ஒரு பர்சென்ட்னா இருபத்தேழாயிரம் ஆகுதே. பெங்களூர் ரேட்டு அது. இந்த ஊர்லதான் எல்லாம் சல்லிசாச்சே. பத்தாயிரம் வாங்கிக்கோ."

சரோஜாவுக்கு அழுகை வர வேண்டிய இடம். வந்ததோ சிரிப்பு. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த சிரிப்பு நிற்கத் தெரியாமல் பீறிட்டது. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"அம்மா, சல்லிசு இன்னான்னு நான் சொல்றேன் கேளுங்க. கேஸ் சிலிண்டர் இங்க சல்லிசு இல்ல, அங்க இன்னா வெலையோ அதேதான். போன் ரீசார்ஜ் அதேதான். பெட்ரோல் அதேதான். என் பொண்ணு படிக்கிற காலேஜ் பெங்களூர்ல கீது, ஃபீஸும் பெங்களூர் ஃபீஸுதான். அப்ப எதும்மா இங்க சல்லிசு? இட்லி சுடறவங்க கூலி சல்லிசு. ஷோபா தைக்கிற கூலி சல்லிசு. உங்களோட காலைலருந்து நடந்தேனே, என் காலு சல்லிசு. நீங்க வாங்கினதெல்லாம் எங்க கூலிம்மா. அதுலயும் பாதிக்கு மேல கழிக்கச் சொல்றீங்களே!"

ஒரே மூச்சில் சொல்லி முடித்த பிறகுதான், என்ன பேசினோம் என்று அவளுக்கே உறைத்தது. ஐம்பத்து நாலாயிரமும் வாசல் வழியே நடந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது. ரவிகுமார் கூரையைப் பார்த்தார்.

 பார்வதம்மா இன்னொரு வாளியைக் கவிழ்த்து எதிரில் உட்கார்ந்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் யூனியன்ல இருந்தேன். சம்பளத்துக்காக ஆபீஸ் வாசல்ல கத்தியிருக்கேன்" என்றார். "இன்னிக்கு என்னை எதிர்ல நிக்கவெச்சு நீ கத்திட்டே." சட்டென்று அந்தப் பெரிய குரலில் சிரித்தார். "ஒரு பர்சென்ட் தரேன். ஒரு ரூபா குறைக்க மாட்டேன். கூடவும் தர மாட்டேன், கேட்டுடாதே!"

ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்த அன்று சொன்னபடியே இருபத்தேழாயிரம் கொடுத்தார். ரவிகுமார் இழுத்துப் பிடித்து இருபத்தைந்து கொடுத்தார். ஆபீஸ் படியில் நின்று பணத்தைப் பைக்குள் வைத்த சரோஜாவுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. ஒரு சோடா குடித்தும் நிற்கவில்லை.

முப்பதாயிரம் நிவேதாவின் காலேஜுக்குப் போனது. மிச்சத்தை பேங்கில் போடலாம் என்றான் தம்மபாலன். சரோஜா கேட்கவில்லை. பதினெட்டாயிரத்துக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினாள். வெள்ளை நிறம், ஒரு கண்ணாடி கிடையாது.

அடுத்த ஞாயிறு காலை, மூடிப்போன சுரங்கத்தின் சயனைடு மண்மேட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் பழகினாள். தம்மபாலன் பின்னால் பிடித்தபடி ஓடினான். கொஞ்ச தூரத்தில் அவன் கை விட்டுப்போனது. வண்டி அவளைத் தூக்கிக்கொண்டு வட்டம் போட ஆரம்பித்தது.

"பிரேக்கைப் பிடி! பிரேக்கைப் பிடி!"

"பிடிக்க மாட்டேன் போய்யா! நல்லா கீது!" என்று கத்திக்கொண்டே இரண்டாவது வட்டம் போனாள். மூன்றாவதில் மண்ணில் சறுக்கி, மெதுவாகச் சாய்ந்து, வண்டியோடு படுத்தாள். அவன் மூச்சிரைக்க வந்து தூக்கினான். சேலை முழுக்க மண், ஒரு செருப்பைக் காணோம். அடி ஒன்றும் இல்லை. மண்ணைத் தட்டிவிட்டு, முட்டியை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைத் தேடக்கூடப் பொறுக்காமல் மறுபடி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.